ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?

“ஒண்ணுமே மாத்தலையேப்பா, எதுக்கு 500 ரூவா?” என்று சித்தப்பா கேட்டதை என்னால் இன்னும் செரித்துக்கொள்ள முடியவில்லை. அவர் கஞ்சர் கிடையாது. அதே வண்டிக்கு அதற்கு முன்னால் புது பேட்டரிக்கு ஆறாயிரத்துச் சொச்சம், ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டருக்கு (என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரியை நிரப்புகிற சாமான்) எட்டாயிரம் என்று முகம் சுளிக்காமல் எண்ணிக் கொடுத்தவர்தான். அவ்வளவு கொடுத்தும் தீராத கோளாறை ஒருத்தர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்தபோது மட்டும் அவருக்குப் பணம் எடுக்கக் கை வரவில்லை. பெட்டியைப் பிரித்து ஒரு புதுப் பொருளை மாட்டியிருந்தால், பழையதைக் கழற்றிக் கீழே போட்டிருந்தால், 500 என்ன, 5,000 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். சித்தப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வண்டி வைத்திருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் யோசிக்கிறோம். பேட்டரி, ஆல்டர்னேட்டர் விஷயத்தில் நம் பணம் வீணாகப் போவதற்கு அந்த யோசனைதான் முதல் காரணம் என்பது என் கட்சி.

சித்தப்பாவுக்கு மதுரை பக்கத்துத் திருமங்கலம். டீசல் செடான் ஒன்றை டிராவல்ஸுக்கு ஓட்டுகிறார். ஏர்போர்ட் பிக்கப், ராமேஸ்வரம், கொடைக்கானல், முகூர்த்த நாள் என்றால் கல்யாண சவாரி. போன வருஷம் கிளட்ச் தேய்ந்து, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றி வேலை பார்த்தார்கள். அந்த வேலை முடிந்து கொஞ்ச நாளில், காலையில் செல்ஃப் அடித்தால் என்ஜின் இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. பேட்டரிக் கடையில் தேதியைப் பார்த்தார்கள், மூன்று வருஷம் தாண்டியிருந்தது. “ஆயுசு முடிஞ்சிருச்சுண்ணே, இந்த வெயிலுக்கு இவ்வளவு நாள் வந்ததே பெருசு” என்று புதுசை மாட்டிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. நம் ஊர்ச் சூட்டில் பேட்டரியின் ஆயுள் குளிர்ந்த ஊர்களைவிடக் குறைவுதான். பத்து டிகிரி சூடு கூடினால் உள்ளே நடக்கிற அரிப்பின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதனால் மூன்று வருஷப் பேட்டரியைச் சந்தேகப்படுவது நியாயம். ஆனால் சந்தேகப்பட்ட பிறகு வோல்ட் அளக்கிற மீட்டரை எடுத்து ஒரு தடவை பார்த்திருக்கலாம் இல்லையா? பார்க்கவில்லை.

புது பேட்டரி சில வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி ஏர்போர்ட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வந்தவர்கள் வேறு வண்டியில் போய்விட்டார்கள். மறுநாள் பேட்டரிக் கடையில், பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, சார்ஜ் இறங்கியிருக்கிறது, டைனமோ ஏற்றவில்லை என்றார்கள். (ஆல்டர்னேட்டரை எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்.) அங்கிருந்து ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே நடந்ததைத்தான் நான் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும்.

ஓடுகிற வண்டியில் டெர்மினலைக் கழற்றுவது

ஒர்க்‌ஷாப்காரர் என்ஜினை ஓடவிட்டார். ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் பிளஸ் டெர்மினலைக் கழற்றித் தூக்கினார். என்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. “பாத்தீங்களா, டைனமோ போச்சு” என்றார். பரிசோதனை முடிந்தது.

இந்த வித்தை, ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய நிஜ டைனமோ காலத்தில் பிறந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றும் கிடையாது. பழைய டீசல் வண்டி என்றால் பம்ப்பே மெக்கானிக்கல், ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் கரண்டைப் பெரிதாக எதிர்பார்க்காமல் அது பாட்டுக்கு ஓடும். டெர்மினலைக் கழற்றினால் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. எலக்ட்ரானிக்ஸே ஆட்டுவிக்கிற இன்றைய காமன்ரெயில் டீசல் அப்படியா? ஆல்டர்னேட்டர் முப்பது நாற்பது ஆம்பியர் தள்ளிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் எகிறும். கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் தடுப்பு இல்லாத வண்டியில் அது 40 வோல்ட்டையும் தாண்டிப் போகலாம். அந்த அடியை வாங்குவது ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிற டயோடுகள் (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிறவை), ரெகுலேட்டர், அதற்கப்புறம் இசியூ, அதாவது என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர். இசியூ போனால் என்ன விலை என்று டிராவல்ஸ் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுக்கக்கூடிய ஒரு வேலையைச் செய்து, ஆல்டர்னேட்டர் நல்லதா என்று பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பேட்டரி இல்லாத நிலையில் நல்ல ஆல்டர்னேட்டர்கூடத் தள்ளாடும், அலைகளைச் சமன்படுத்தப் பேட்டரி தேவை. அதனால் என்ஜின் நின்றதும் எதையும் நிரூபிக்கவில்லை, ஓடியிருந்தாலும் நிரூபித்திருக்காது. உங்கள் வண்டியில் யாராவது இதைச் செய்யப் போனால் தயவுசெய்து கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள்.

ஆல்டர்னேட்டர் மாற்றப்பட்டது. பழையது எக்ஸ்சேஞ்சில் கடையிலேயே தங்கிவிட்டது. அது நல்ல ஆல்டர்னேட்டர் என்பது பின்னால் நடந்ததைப் படித்தால் உங்களுக்கே புரியும், எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிப்பது அதுதான். வண்டியோடு வந்த ஒரிஜினல், பேரிங் சத்தம்கூட இல்லாத ஒன்று, யாரோ பிரித்துச் சேர்த்த ஒன்றுக்குக் கைமாறிப் போனது. இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆல்டர்னேட்டர் நிஜமாகவே பழுதென்றாலும் பல நேரம் முழுசாக மாற்றத் தேவையில்லை. உள்ளே தேய்கிற சாமான்கள் கொஞ்சம்தான்: இரண்டு கார்பன் பிரஷ், இரண்டு பேரிங். கெட்டுப்போகிறவை ரெகுலேட்டரும் டயோடு பிளேட்டும். பேட்டரி லைட் விட்டு விட்டு எரிகிறது, ஆல்டர்னேட்டரை ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டினால் சார்ஜ் திரும்புகிறது என்றால் கார்பன் தேய்ந்து, அது உரசி நிற்க வேண்டிய ஸ்லிப்ரிங் வளையத்தைத் தொடாமல் தொங்குகிறது என்று பாதி சொல்லிவிடலாம். வண்டி எலக்ட்ரிகல் சாமான் தயாரிக்கிற லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி 1961-இல் சென்னை பாடியில் தொடங்கிய காலத்திலிருந்து பல பத்து வருஷம் நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் இந்தச் சாமான்களைத் தனித்தனியாக வாங்கி மாற்றித்தான் பிழைத்தார்கள். இன்றைக்கும் மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்க ஆளில்லை.

புது பேட்டரி, வேறு ஆல்டர்னேட்டர், எல்லாம் போட்டும் காலையில் அதே இழுவை. இடையில் இன்னொருவர் மீட்டர் வைத்தே பார்த்தார். பேட்டரி மைனஸிலிருந்து என்ஜினுக்கு ‘பீப்’ வைத்துப் பார்த்து, சத்தம் வந்ததும் எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற பாதை) ஓகே என்று எழுந்துவிட்டார். அந்த பீப் சத்தம் வருவதற்கு வயர் நன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. பல மீட்டர்களில் இருபது முப்பது ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். என்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் போகிற பாதையில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே தொந்தரவு. ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும், ஆனால் 150, 200 ஆம்பியர் அதில் போகுமா?

பழங்காநத்தத்தில் அந்த அரை மணி நேரம்

கடைசியில் நான்தான் மதுரை பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோகச் சொன்னேன், கூடவே போனேன். அறுபதை நெருங்கியவர். பஸ் ஒர்க்‌ஷாப்பில் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். கடையில் போர்டுகூடக் கிடையாது. பெஞ்சில் பிரித்துப்போட்ட செல்ஃப் மோட்டார்கள், சுவரில் ஆணிக்கு ஆணி பெல்ட்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான். எப்போதிருந்து, காலையில் மட்டுமா, வண்டி ஓடிச் சூடான பிறகுமா, ராத்திரி ஓட்டும்போது ஹெட்லைட் மங்குதா, ரேஸ் பண்ணினால் பளிச்சென்று ஆகுதா. கடைசியாக, “இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்கண்ணே?” சித்தப்பா பேட்டரியையும் டைனமோவையும் சொன்னார். “அது இல்லண்ணே, அதுக்கும் முன்னாடி.” கிளட்ச் என்றதும் அவர் முகத்தில் ஒரு மாற்றம். ஆனாலும் நேரே கியர்பாக்ஸுக்குப் போகவில்லை. மீட்டரை எடுத்தார். பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார், வழவழப்பு ஏறியிருக்கிறதா என்று உள்பக்கம் தடவினார். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் ஹைபீம், ஏசி, ப்ளோயர் ஃபுல், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். என்னை ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடிக்கச் சொன்னார், 1,500 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில்.

பேட்டரியின் இரண்டு கம்பங்களில் (வயர் மாட்டுகிற முனைகள்) மீட்டரை வைத்தார்: 13.3 வோல்ட். அப்புறம் ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் வருகிற போல்ட்டிலும் ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் வைத்தார்: 14.2. ஒரு சாணி நிற அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் இரண்டையும் எழுதினார். “டைனமோ பதினாலே கால் வரைக்கும் குடுக்குது. பேட்டரிக்கு வந்து சேரல. நடுவுல 0.9 வோல்ட்ட எவனோ திங்கிறான் தம்பி. எந்தப் பக்கத்துல திங்கிறான்னு பாப்போம்.”

பிளஸ் பக்கம் முதலில். மீட்டரின் ஒரு முனை ஆல்டர்னேட்டர் போல்ட், மறுமுனை பேட்டரி பிளஸ் கம்பம். 0.15. இந்த லோடில் இவ்வளவு போகலாம். அடுத்து மைனஸ். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்தின் தலையிலேயே அழுத்தினார், கிளாம்ப் மேலே வைத்தால் கிளாம்ப்பில் இருக்கிற கோளாறு தெரியாமல் போய்விடும் என்று சொன்னார். மறுமுனையை ஆல்டர்னேட்டர் உடம்பில், துரு இல்லாத இடம் தேடி அழுத்திப் பிடித்தார். 0.75. அதை அட்டையில் எழுதிக் கூட்டினார்: 13.3, 0.15, 0.75. மொத்தம் 14.2. கணக்கு ஒரு பைசா பாக்கியில்லாமல் நேரானது.

எனக்கு அந்த இடத்தில் கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இதுவரை இந்த வண்டியைப் பார்த்த எல்லாரும் அபிப்பிராயம் சொன்னார்கள். இவர் கணக்குக் காட்டினார். அந்த அட்டையில் இருந்த நான்கு எண்ணை வைத்து யாரும் அவரோடு வாதம் செய்ய முடியாது, பேட்டரியைத் தயாரித்தவரே வந்தாலும். நாற்பது ஆம்பியர் போகிற பாதையில் முக்கால் வோல்ட் விழுகிறதென்றால் அந்த மைனஸ் பாதையின் தடை 0.02 ஓமுக்குச் சற்றுக் குறைவு. சாதாரண மீட்டரின் ஓம் வரிசையில் அளக்கவே முடியாத சமாச்சாரம், மீட்டர் வயரின் தடையே அதைவிட அதிகம். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது அதே பாதையில் 150 ஆம்பியருக்கு மேல் போகும். அப்போது மூன்று வோல்ட் அளவுக்கு அங்கேயே காணாமல் போகும். பேட்டரியில் 11 வோல்ட் நின்றாலும் செல்ஃப் மோட்டாருக்குக் கிடைப்பது 8. இழுத்து இழுத்துச் சுற்றாமல் என்ன செய்யும்? அதே தடைதான் பேட்டரி நிரம்புவதையும் கெடுத்தது. கப்பலூர் டோலில் ஏசி போட்டு நிற்கிற நேரம், ராத்திரி ஹைபீம் போட்டு ஓட்டுகிற நேரம் என்று பேட்டரி எப்போதுமே அரைவயிறு. புது பேட்டரி போட்டதும் சில வாரம் ஓடியது ஏன் என்பதற்கும் இதுதான் விடை: கடையிலிருந்து நிரம்பி வந்த சார்ஜ் தீரும்வரை ஓடியது.

கழற்றுவதற்கு முன்னால் இன்னொரு நிரூபணம் செய்தார். ஜம்ப் ஸ்டார்ட் பண்ணுகிற கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு கிளிப்பைப் பேட்டரி மைனஸிலும் மறு கிளிப்பை என்ஜின் பிளாக்கில் ஒரு சுத்தமான போல்ட்டிலும் கடித்தார். பேட்டரியில் வைத்திருந்த மீட்டர் 13.3-இலிருந்து 14.0-க்கு ஏறியது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சித்தப்பாவைக் கூப்பிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒரே சுற்றில் பிடித்தது. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல், கழற்றினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே காட்டிவிட்டார்.

அப்புறம்தான் வண்டிக்கு அடியில் போனார். பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்கு வருகிற எர்த் கேபிள். கிளட்ச் வேலை முடித்து ஏற்றியபோது அதைத் துடைக்காமல், கிரீஸும் மண்ணுமாக அப்படியே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அலுமினியத்தில் போல்ட் உட்கார்ந்த வட்டம் முழுக்க வெள்ளைப் பொடி. லக்கின் (கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டுகிற வளையம்) கழுத்தில் பச்சை பூத்திருந்தது. பிளேடால் ரப்பரைக் கீறி விலக்கினால், செம்பு இழைகளில் பாதிக்கு மேல் கறுத்து ஒடிந்துவிட்டன, மிச்சத்தை அவர் விரலால் நீவியபோது பொடிப்பொடியாகக் கையில் ஒட்டியது. வயரைக் கொஞ்சம் வெட்டி, பளபளவென்று செம்பு தெரிகிற இடம் வரை போய், புது லக் வைத்து அமுக்கி, கியர்பாக்ஸில் அந்த இடத்தை எமரித்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் பூசினார். மறுபடி எல்லா லோடும் போட்டு அளந்தார். மைனஸ் பக்கம் 0.05. பேட்டரியில் 14.0.

பார்க்கிற கூலி

500 கேட்டார். அப்போதுதான் சித்தப்பா தலைப்பில் இருக்கிற கேள்வியைக் கேட்டார். லக் என்ன விலை, இருபது முப்பது ரூபாய் இருக்குமா என்றார். அண்ணன் சண்டை போடவில்லை. 300 கொடுத்ததை வாங்கி மேஜை டிராயரில் போட்டார். மீதியை நான் கொடுக்கப் போனபோது வேண்டாம் என்றுவிட்டார். சித்தப்பா வண்டியைத் திருப்பப் போன நேரத்தில் என்னிடம் சொன்னார்: “கண்டுபிடிக்கிறதுக்குத் தனியாக் காசு கேட்டா எவனும் வர மாட்டான் தம்பி. அதனால எங்க ஆளுக எதையாச்சும் மாத்திட்டு, அதுல சேத்து வாங்கிக்கிறாங்க. நான் உங்க சித்தப்பா கிட்ட செல்ஃப் மோட்டார் போயிருச்சுன்னு சொல்லியிருந்தா மூவாயிரம் குடுத்துட்டுப் போயிருப்பாரு. எர்த்தையும் சேத்து முடுக்கிவிட்டா வண்டியும் ஓடியிருக்கும்.”

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வராமல் போனது என்றால் மிகையில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் எல்லா முடிச்சும் அவிழ்கிறது. நாம் பொருளுக்குத்தான் பணம் கொடுப்போம் என்று அடம் பிடிக்கிறோம். அதனால் பொருள் விற்கிறவர் பிழைக்கிறார், அளந்து பார்க்கிறவர் நொடிக்கிறார். அப்புறம் யாருமே அளந்து பார்ப்பதில்லை என்று நாமே புலம்புகிறோம். முன்னால் பார்த்தவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அரை மணி நேரம் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அவர்களுக்கு யாரும் கூலி கொடுக்கப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

நகைக்கடன் வாங்கப் போகிறோம். வங்கியில் மதிப்பீட்டாளர் நகையை உரைத்துப் பார்த்து எடை போட்டு இவ்வளவு தேறும் என்று சொல்கிறார், அதற்கு ஒரு கட்டணம் பிடிக்கிறார்கள். ‘நகைய நீங்க ஒண்ணும் பண்ணலையே, உரசிப் பாத்ததுக்கா காசு?’ என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. பார்த்துச் சொல்வது ஒரு வேலை என்று அங்கே நமக்குத் தெரிகிறது. ஒர்க்‌ஷாப் வாசலில் மட்டும் அது எப்படி மறந்துபோகிறது?

சரி, எல்லாரும் பழங்காநத்தம் போக முடியாது. ஆனால் ஐநூறு ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கிறது, வீட்டு வாசலிலேயே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். நான் செய்வதைச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் எதையும் போடுவதற்கு முன்னால் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. வண்டியை ஓட்டிவிட்டு வந்ததும் பார்க்காதீர்கள், மேலோட்டமாக நிற்கிற சார்ஜ் நல்ல எண்ணைக் காட்டி ஏய்த்துவிடும். அப்புறம் வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைக் கவனியுங்கள். நிரம்பிய பேட்டரி 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான். விழாமல் 11 பக்கத்தில் நின்றும் என்ஜின் மந்தமாகச் சுற்றுகிறதென்றால் கோளாறு பேட்டரிக்கு வெளியே, கேபிளிலோ செல்ஃபிலோ. இந்த ஒரு பரிசோதனை செய்திருந்தால் சித்தப்பாவின் ஆறாயிரம் அன்றைக்கே மிஞ்சியிருக்கும். காலியாக இருக்கிற பேட்டரியை மட்டும் அப்படியே டெஸ்ட் செய்து கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வெளியே சார்ஜரில் போட்டு நிரப்பிய பிறகுதான் தீர்ப்பு.

என்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை வந்தால் நல்லது. லோடு போட்டும் 13.5-க்கு மேல் நின்றால் நிம்மதி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது, பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது, உடனே கவனிக்க வேண்டும். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (குளிர் ஏசி இல்லை, திசை மாறுகிற கரண்ட்) திருப்பி அதே பேட்டரியில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். ஷார்ட் ஆன டயோடு ராத்திரியில் வண்டி நிற்கும்போதும் பேட்டரியைக் குடிக்கும், பகலில் சார்ஜ் ஏற்றுகிற மாதிரியே காட்டிக்கொண்டு. நிற்கிற வண்டியில் மொத்தமாக 50 மில்லி ஆம்பியருக்குள் போனால் பெரும்பாலான கார்களுக்குச் சகஜம், ஆனால் பூட்டிவிட்டு அரை மணி நேரமாவது பொறுத்து எல்லாக் கம்ப்யூட்டரும் தூங்கின பிறகு அளக்க வேண்டும். டிராவல்ஸ் வண்டிகளில் ஜிபிஎஸ், கேமரா, பாட்டு ஆம்ப் என்று ஒட்டு வேலை செய்த வயர்கள்தான் இதில் பெரும்பாலும் மாட்டும்.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வருகிற பல கார்களில் ஆல்டர்னேட்டரை இசியூதான் ஆட்டுவிக்கிறது. டீசல் பெட்ரோல் மிச்சப்படுத்த, பேட்டரி நிரம்பியதும் சார்ஜை வேண்டுமென்றே குறைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் கூட்டும். அந்த வண்டியில் ஓடும்போது 12.8 பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டுச் சில நிமிஷம் கவனித்தால் ஏறுவது தெரியும். ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது இன்னும் நல்லது.

இப்போது நான் எந்த ஒர்க்‌ஷாப் போனாலும் இரண்டு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்கு எவ்வளவு என்று கேட்கிறேன், எதையும் மாற்றாவிட்டாலும் அதைக் கொடுக்கிறேன். மாற்றுவதாக இருந்தால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை வோல்ட் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்கிறேன். முதல் தடவை கேட்கும்போது விநோதமாகப் பார்க்கிறார்கள். ஆனால் எழுத வேண்டும் என்றாலே மீட்டரை எடுத்தாக வேண்டும், எடுத்தால் பாதி நேரம் வேறு விடை வருகிறது.

சித்தப்பா முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அந்த 300-ஏ அதிகம் என்றுதான் இன்னும் சொல்கிறார். ஆனால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுகிற, வோல்ட் காட்டுகிற சார்ஜர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். போன வாரம் மதியம் பரமக்குடி தாண்டியதும் நிறுத்திவிட்டுப் போன் அடித்தார்: “காலைல 14.1 காட்டுச்சுப்பா, இப்ப 13.7-தான் காட்டுது, மறுபடி எர்த்தா?” இல்லை சித்தப்பா, சூடு ஏறினால் பேட்டரிக்கு அவ்வளவு வோல்டேஜ் ஆகாது, ரெகுலேட்டரே குறைத்துக் கொடுக்கும், நாளைக் காலையில் அதே எண் திரும்ப வருகிறதா என்று பாருங்கள் என்றேன். மறுநாள் காலையில் 14.1 என்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.